எண்ணெய்ச் சிரட்டை

காம்பில் தடவ ராத்தா தேங்காயெண்ணெய்ச் சிரட்டைக்குள் விரலை விட்டபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. சிவப்புப் பசுவின் காம்பை உருவிய அதே விரல். அதன் மடியில் ஒரு பக்கம் நாலு நாளாகக் கல்லாய் இறுகி, பால் திரிதிரியாக வந்துகொண்டிருந்தது. ராத்தா எண்ணெய் விரலோடு கறுப்புப் பசுவிடம் போய்க் குந்தினா.

“நில்லுங்க ராத்தா! கிருமியை நீங்கதான் கொண்டுபோய்க் குடுக்கிறீங்க.”

“ஓம், நான் கிருமிக்குத் தபால்காரி. தம்பிக்கு உயர்தரப் பெறுபேறு வரமுந்தியே டாக்குத்தர் வேலை கிடைச்சிட்டு!”

வருத்தக்காரியை முதலில் கறந்து பாரத்தை இறக்குவது எங்கள் வீட்டு இரக்கம். அந்த இரக்கம்தான் பிழை. வாப்பா கண்ணூறு என்று தண்ணீர் ஓதித் தெளித்தார். வெள்ளிக்குள் சுகப்படாவிட்டால் இறைச்சிக்கடைக்குத்தான் என்றும் சொல்லிவிட்டார். சிவப்பைக் கன்றிலிருந்து வளர்த்த ராத்தா அன்று சோறு தின்னவில்லை.

நான் சைக்கிளை மிதித்துச் சம்மாந்துறை மாட்டு டாக்குத்தரிடம் போனேன். காம்புக்குள் ஏற்றும் மருந்து தந்தார். “சாணி, சேத்தில இருந்து வாற கிருமியெண்டா காய்ச்சலோட ஒரே நாளில மாட்டைச் சாய்ச்சிரும். இது கையால பரவுற சாதி போல. மெல்ல வரும், லேசில போகாது” என்றார்.

அன்றே சட்டம் போட்டேன். சுகமான மாடு முதலில், சிவப்பு கடைசியில். ஒவ்வொன்றுக்கும் கை சவர்க்காரத்தால் கழுவ வேண்டும். சிரட்டை கூடவே கூடாது. முதல் பீச்சலைப் பழைய குடைச்சீலையில் விட்டுப் பார்த்தோம். கறுப்புச் சீலையில் கறுப்புப் பசுவின் பாலிலும் இரண்டு வெள்ளைத் துணுக்கு! நான் சொன்னது சரியென்று துள்ளிக் குதித்தேன். ராத்தாவின் கையால் முதுகில் ஒன்று விழுந்தது.

“மாட்டுக்கு வருத்தமெண்டா உனக்குப் பெருநாளா?”

கறுப்புக்கும் அதே மருந்து ஏற்றினோம். அது சீக்கிரம் தெளிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த வாப்பா, தொப்பியைக் கழற்றாமலே சிவப்பின் அருகில் குனிந்தார். மூன்று காம்பின் பால் சுத்தம். நாலாவது இன்னும் இறுக்கம்தான்; அது இனிக் கறக்காது போலிருந்தது. ராத்தா சிவப்பின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டா.

“மூணு காம்பில கறக்கிற மாட்டை எந்த மடையன் அறுக்கக் குடுப்பான்?” என்றார் வாப்பா, யாரோ வேறொருவர் சொன்னதைக் கண்டிப்பது போல.

அன்று ராத்தா என் பீங்கானில் இரண்டு மீன் துண்டு கூடுதலாக வைத்தா.

மாவடிப்பள்ளியில் மாமாவின் பட்டியில் பன்னிரண்டு மாடு, கறக்கிறவர் மூன்று பேர், சிரட்டை ஒன்று. நாளைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு குடைச்சீலையும் சவர்க்காரமும் சைக்கிள் கரியரில் ஏறும். முதலில் மாமா பாராமல் அந்தச் சிரட்டையை ஒளிக்க வேண்டும்.