உடையாமல் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டேன்

சகோதர சகோதரிகளே, சபையில் என் ஜெபத்துக்கு ஒரு பெயர் உண்டு. நோயாளிக்கு எங்கே வலிக்கிறதோ அங்கே கை வைத்து, அழுத்தி, குரலெடுத்து ஜெபிப்பேன். கே.கே. நகரில் எங்கள் தெருமுனை வரை கேட்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கடந்த ஜூனில், பள்ளி திறந்த வாரம், என் மனைவி எஸ்தர் எங்கள் நான்கு வயது மகள் கிருபாவைக் குளிப்பாட்டும்போது, இடது விலாவுக்குக் கீழே கல் மாதிரி ஒரு கட்டி தட்டுப்பட்டது. "இம்புட்டுப் பெரிசா இருக்குங்க, டாக்டர்ட்ட காட்டிருவோம்" என்று அழுதாள். "ஜெபிப்போம், கரைஞ்சிரும்" என்றேன் நான். பத்து நாள், காலையும் மாலையும், அந்தக் கட்டியின் மேல் கை வைத்து அழுத்தினேன். பதினோராம் நாள் சிறுநீரில் ரத்தம் வந்தது. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "வயிறு வலிக்குதா பாப்பா?" என்று கேட்டார்.

"அப்பா ஜெபம் பண்றப்பத்தான் வலிக்கும்" என்றாள் கிருபா.

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "சிறுநீரகத்துல கட்டி சார். இனிமே யாரும் வயித்த அமுக்கக் கூடாது. உடைஞ்சா வயிறு பூரா பரவிரும்."

அந்த நிமிடமே செத்துப்போனேன். உடைந்திருந்தால் உடைத்தவன் நான்தான். சுகம் கொடும் என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? "ஆண்டவரே, உடையாமல் இருக்கட்டும்." இது ஒன்றைத்தான், கையை மடியில் வைத்துக்கொண்டு முணுமுணுத்தேன்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. இடது சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். வெளியே வந்த சர்ஜன், "கட்டி உடையல சார், முழுசா வந்திருச்சு" என்றார். வராந்தாவில் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு வழக்கமாக வருகிற புற்றுநோய் வகை இல்லை, அபூர்வமான வகை, திரும்பி வரக்கூடியது என்று பரிசோதனை முடிவு வந்தது. கதிர்வீச்சு கொடுத்தார்கள். கடுமையான மருந்து இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. முடி எல்லாம் கொட்டிவிட்டது. சோற்றைப் பார்த்தாலே வாந்தி எடுக்கிறாள். "பொழைச்சுக்குவாளா?" என்று எஸ்தர் கேட்டால், "அடுத்த ஸ்கேன் பார்ப்போம்மா" என்பார் டாக்டரம்மா.

அன்பானவர்களே, பிள்ளை வயிற்றில் கட்டி தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். போகிற ஆட்டோவில் ஜெபியுங்கள், ஆண்டவர் கேட்பார். நான் கேட்ட ஒன்றைக் கொடுத்தார், அதற்கு ஆயுள் முழுக்க ஸ்தோத்திரம். ஆனால் அவள் பிழைக்க வேண்டும் என்று கேட்க எனக்கு இன்னும் வாய் எழவில்லை. அதை எனக்காக நீங்கள் கேளுங்கள்.