ஹேர்பின் டப்பாவில் இருந்த பென்டிரைவ்

என் நாத்தனாரின் லேப்டாப்பில் அவளுக்குத் தெரியாமல் ஒரு வருஷத்துக்கும் மேலாக நான் குடியிருந்தேன். சிரிக்க வேண்டாம், நிஜத்தைத்தான் சொல்கிறேன். கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷினுக்கு டிசைன் வரைவதற்காக அவள் திருப்பத்தூரில் ஒரு பழைய லேப்டாப்பை வாங்கிவந்தாள். அதன் ஹார்ட் டிஸ்கில் ஒரு மூலையைப் பிரித்து எனக்கென்று லினக்ஸ் என்ற வேறொரு சிஸ்டத்தைப் போட்டுக்கொண்டேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். எதுக்கு அண்ணி என்று திருப்பிக் கேட்பாளே, சும்மா புரோகிராம் எழுத என்று எப்படிச் சொல்வது? அதனால் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப்பில் இரண்டு சிஸ்டம் இருந்தது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஆன் செய்தால் இதுவா அதுவா என்று கேட்கும். எல்லாரும் விண்டோஸை வைத்துக்கொண்டு மற்றதை, அதாவது லினக்ஸை, அழித்து, அந்த இடத்தில் சினிமாப் படங்களை ஏற்றினார்கள். எனக்கு அந்த மற்றதுதான் பிடித்தது. அதில் உட்கார்ந்து சின்னச் சின்ன புரோகிராம் எழுதுவேன். ஒன்றுக்கும் உதவாத புரோகிராம்கள்தான், ஆனால் ஓடும். போளூரில் பிறந்து வளர்ந்து கம்ப்யூட்டர் படித்த நான் கல்யாணமாகி மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூருக்கு வந்தபோது அந்த லேப்டாப் செத்துப்போயிருந்தது. வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் மலையில் இருக்கமாட்டார். பகலெல்லாம் வீட்டில் நானும் அவர் தங்கையும்தான். அவளுக்கு எம்ப்ராய்டரி மெஷின் இருந்தது. எனக்கு அடுப்பு இருந்தது. அந்த எரிச்சலை யாரிடம் போய்ச் சொல்ல?

அவள் நூல் வாங்க திருப்பத்தூர் போன ஒரு நாளில் வேலையை முடித்தேன். போளூரில் தோழி ஒருத்தி போட்டுக்கொடுத்த லினக்ஸ் பென்டிரைவ் என்னிடம் இருந்தது. அதைச் செருகி, இருக்கிற விண்டோஸ் பக்கத்தில் இதையும் ஏற்றினேன். இப்படி இரண்டு இருந்தால், கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது கிரப் என்ற ஒரு சின்ன புரோகிராம்தான் முதலில் எழும். வாட்ச்மேன் மாதிரி. எந்தப் பக்கம் போகவேண்டும் என்று இரண்டு பேரையும் திரையில் காட்டிக் கேட்கும். நான் அந்த வாட்ச்மேனின் வாயைக் கட்டினேன். ஷிஃப்ட் பட்டனை அழுத்தினால்தான் கேட்கும், இல்லையென்றால் பேசாமல் விண்டோஸுக்குள் விட்டுவிடும். அவள் எதற்கு ஷிஃப்டை அழுத்தப்போகிறாள்? தைத்ததைக் கொடுக்க அவள் வெளியே போகிற நேரமெல்லாம் நான் என் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்துகொள்வேன். பென்டிரைவை என் ஹேர்பின் டப்பாவில், பின்களுக்கு அடியில் போட்டுவைத்தேன்.

அந்த வருஷம் அவளுக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. மலைக்கு உள்ளே இருக்கிற ஓர் ஊரில் கல்யாணம். பெண்ணின் அம்மா சந்தையில் புளியும் சாமையும் விற்கிறவர். கடையில் கிடைக்கிற மயிலும் மாங்காயும் வேண்டாம், எங்க கொல்லையில விளையறது ரவிக்கையில இருக்கணும் என்று சொல்லி ஒரு பிடி சாமைக் கதிரைக் கையோடு கொண்டுவந்து கொடுத்தார். பெண்ணுக்கும், சித்தி, அத்தை என்று வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் அதே கதிர். என் நாத்தனார் அதுவரை வாங்கின டிசைனைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். இதுதான் அவளே வரைந்த முதல் டிசைன். கதிரை மேஜைமேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தையலாக நகர்த்தி நகர்த்தி வரைந்தாள். சாமைக் கதிர் தலை சாய்ந்து நிற்கும் இல்லையா, அந்தச் சாய்வு வரவே இல்லை என்று அழித்து அழித்துப் போட்டாள். சாய்வு வந்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். இது நல்லா வந்துச்சின்னா, அடுத்தது இந்தப் பக்கம் எல்லாக் கல்யாணத்துக்கும் நம்ம வூட்டுக்குத்தான் வருவாங்க என்றாள்.

அப்போதுதான் லேப்டாப்பில் இடம் பத்தவில்லை என்று முனக ஆரம்பித்தாள். இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது யார்? நான்தான். எனக்கு உறுத்தியது. அவள் கடைக்குப் போயிருந்தபோது, விண்டோஸுக்குள் இருந்தபடியே என் பகுதியை முழுவதும் அழித்து அவள் இடத்தோடு சேர்த்துவிட்டேன். ஏதோ அன்னதானம் பண்ணினவள் மாதிரி அன்றைக்கு எனக்குப் பெருமை வேறு. அவளும், இன்னா அண்ணி திடீர்னு இவ்ளோ இடம் வந்துட்டிச்சி என்று சந்தோஷப்பட்டாள். வேண்டாததை அழித்தேன் என்று சொன்னேன். அதுவரைக்கும் அது பொய் இல்லை.

வாட்ச்மேனை மறந்துபோனேன். அவன் நிற்பது வாசலில். ஆனால் அவன் சாமான் மொத்தமும் நான் அழித்த பக்கத்தில் இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டால், வழி தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடுவான். படித்தவள்தானே, தெரிந்திருக்க வேண்டும். தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் அவள் வேலையை முடித்து லேப்டாப்பை அணைத்து, சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த புளியமரத்தில் இடி விழுந்து ஒரு கிளை கருகிப்போனது. எங்கள் மலையில் வானம் உறுமினால் டிவி, ஃபிரிட்ஜ், செல் சார்ஜர் என்று எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் மற்ற வேலை. அன்றைக்குப் பிளக்கைப் பிடுங்க அவள் வீட்டில் இல்லை. அடுப்படியில் இருந்த எனக்கும் ஞாபகம் வரவில்லை.

காலையில் ஆன் செய்தாள். கறுப்புத் திரையில் கிரப் ரெஸ்க்யூ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, பக்கத்தில் ஒரு கோடு மினுக்கிக்கொண்டு இருந்தது. எனக்குப் பார்த்த உடனே இன்னதென்று புரிந்துவிட்டது. வாயைத் திறக்கப்போனேன். அதற்குள் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பிளக்கப் புடுங்காம போய்ட்டேன் அண்ணி. இடி எறங்கி எரிஞ்சிட்டிச்சி. என்னாலதான்."

நான் வாயை மூடிக்கொண்டேன். இதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. அவள் டிசைன் எங்கேயும் போகவில்லை, உள்ளே பத்திரமாக இருந்தது. ஹேர்பின் டப்பாவில் இருந்த பென்டிரைவைச் செருகினால் அதிலிருந்தே லினக்ஸ் எழும். அதன் வழியாக உள்ளே போய் அந்தச் சாமைக் கதிர் ஃபைலை வேறு பென்டிரைவில் எடுத்து எம்ப்ராய்டரி மெஷினில் போட்டால், மதியச் சாப்பாட்டுக்குள் முதல் ரவிக்கை ஓட ஆரம்பித்திருக்கும். ஆனால் அவள் என் அருகிலிருந்து நகரவில்லை. பென்டிரைவைச் செருகினால் அவள் பார்த்தே இராத ஒரு திரை வரும். இது இன்னாது, எங்கிருந்து வந்துச்சி என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்து, கீழே போளூருக்குப் போய் விண்டோஸ் பென்டிரைவ் போட்டு வந்தால்தான் சரிசெய்யலாம் என்று சொன்னேன். கடையில் கொடுக்கலாமா என்று கேட்டாள். கடையில குடுத்தா எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க என்றேன். அப்படி அழிக்கிற கடையும் உண்டு, ஆனால் நான் பயந்தது அதற்கில்லை. கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் இதில் இன்னொரு சிஸ்டம் இருந்ததே, யார் அழித்தது என்று கேட்பார்.

போளூருக்குப் பஸ் ஏறினேன். மலைப்பாதை வளைவுகளில் வழக்கமாக எனக்குத் தலை சுற்றும், அன்றைக்குச் சுற்றக்கூட இல்லை, மனசு வேறெங்கோ இருந்தது. தோழி வீட்டில் நெட் இழுத்துக்கொண்டே இருந்தது. விண்டோஸ் இறங்கி முடிப்பதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. அம்மா வீட்டில் தங்கினேன். மறுநாள் மழையில் பாதையில் மரம் சாய்ந்து பஸ் போகவில்லை. அம்மா கறி எடுத்துச் சமைத்தாள். வாய்க்குள் வைத்தேன், ருசி தெரியவில்லை. நாத்தனாரிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், டப்பாவில் பென்டிரைவ் இருக்கிறது, எடு, எப்படி என்று நான் சொல்கிறேன் என்று. போனைக் கையில் எடுப்பேன், வைப்பேன். எவ்வளவு கேவலமான மனசு பாருங்கள்.

ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தபோது மேஜை காலியாக இருந்தது. துணிகளையும் காணோம், சாமைக் கதிரையும் காணோம். கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டதே என்று பயந்து, நான் இல்லாதபோது அவளே பெண் வீட்டுக்குப் போய், என் தப்பால் கெட்டுப்போனது, வேறு இடத்தில் கொடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவர்கள் துணியை எடுத்துக்கொண்டு திருப்பத்தூர் கடைக்குப் போய்விட்டார்கள்.

கொண்டுவந்த பென்டிரைவைச் செருகி, அதிலிருந்து ரிப்பேர் பகுதிக்குள் போய், கறுப்பு ஜன்னலில் ஒரு வரியை அடித்தேன். பழைய வாட்ச்மேன் போனான், விண்டோஸின் சொந்த ஆள் வாசலுக்கு வந்தான். அவ்வளவுதான் வேலை. லேப்டாப் திறந்தது. சாமைக் கதிர் தலை சாய்ந்து அப்படியே இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணி இல்லையென்றால் எல்லாமே போயிருக்கும் என்று அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னாள், பக்கத்து வீட்டில் சொன்னாள். எனக்குப் பிடிக்கும் என்று அன்றைக்குக் கேசரி கிண்டினாள். அதையும் தின்றேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாளே.

அதன் பிறகுதான் இடி என்றால் ஓட ஆரம்பித்தாள். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடுவாள். தூரத்தில் எங்கோ உறுமினாலும், லாரி போகிற சத்தம் கேட்டாலும் எழுந்து பார்ப்பாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இந்த வாட்டி மறக்கல என்று என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

இந்த மழைக்காலத்தில் ஒருநாள் மத்தியானம் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் இடிச் சத்தம் கேட்டு நுரைக் கையோடு ஓடிவந்தாள். ஈரக் கையால் பிளக்கைப் பிடித்தாள். ஷாக் அடித்து, கையை உதறிக்கொண்டு பின்னால் போய்ச் சுவரில் மோதினாள். ஒன்றும் ஆகவில்லை. ஒண்ணுமில்ல அண்ணி என்று சிரிக்கவும் பார்த்தாள். நான் அவளை உட்காரவைத்து, ஹேர்பின் டப்பாவை அவள் மடியில் கவிழ்த்து, எல்லாவற்றையும் சொன்னேன். குடியிருந்தது, அழித்தது, போளூர் போனது, எல்லாம்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பின்களுக்கு நடுவே கிடந்த பென்டிரைவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு நான் போவல அண்ணி. மூஞ்சி காட்ட வெக்கமாகீதுன்னு போவல." பென்டிரைவை டப்பாவில் போட்டுவிட்டு, "அவுங்ககிட்ட நீங்க சொல்லிடுங்க," என்றாள். எழுந்து துவைக்கிற கல்லுக்குப் போய்விட்டாள்.

அந்த வாரச் சந்தையில் போய் நின்றேன். பெண்ணின் அம்மா சாக்கை விரித்துப் புளியைக் குவித்து வைத்திருந்தார். லினக்ஸ், விண்டோஸ் எல்லாம் அவரிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? அன்றைக்கு அவள் மேல் தப்பே இல்லை, இடியும் இல்லை, ஒன்றும் இல்லை, அவள் பொருளில் அவளைக் கேட்காமல் கை வைத்து நான்தான் கெடுத்தேன், அதை மறைத்தும் வைத்தேன் என்று சொன்னேன். அவர் புளியைக் கிளறுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார்.

"துணிய குடுக்க வந்தப்பவே நான் கேட்டேம்மா, உங்க அண்ணி கம்ப்யூட்டர் படிச்சவங்களாச்சே, அவுங்க எதுனா நோண்டிட்டாங்களான்னு. அதுக்கு வந்துச்சி பாரு அவளுக்குக் கோவம். எங்க அண்ணி என்னெக் கேக்காம அதத் தொடவே மாட்டாங்கன்னு சொல்லிட்டு, ஒரு வாய் தண்ணிகூட குடிக்காம போய்ட்டா."