போகியில் எரித்த ஜன்னல்கள்

பக்கத்து வீட்டு மருமகள் மீது பழி விழுந்தபோது, உண்மை தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

எண்பதுகளில் நான் காரைக்காலில் ரசாயன ஆசிரியர். நெரவியில் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு ஒன்றை வாங்கிப் புதுப்பித்தேன். பச்சைப் பெயிண்ட் தடித்துக் கிடந்த ஜன்னல்களில் உளுத்தவற்றைப் போகியன்று கொல்லையில் எரித்தேன். அந்தச் சாம்பலைப் பக்கத்து வீட்டுச் செல்லம்மாளின் கன்றுக்குட்டி வந்து நக்கியது. நான் விரட்டவில்லை.

மாட்டுப் பொங்கலன்று கன்று கண் தெரியாமல் சுவரில் முட்டியது, பல்லை நறநறவென்று கடித்தது. பொழுது சாய்வதற்குள் செத்துப்போனது.

"கார்த்திகையில வந்தவ, தை பொறந்ததும் கன்னுக்குட்டிய முழுங்கிட்டா" என்று செல்லம்மாள் புது மருமகளை ஏசினாள்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. எரிக்காமல் மிஞ்சிய ஜன்னலின் பெயிண்டில் சோடியம் சல்பைடு கரைசலை ஒரு சொட்டு விட்டேன். பச்சை கறுத்தது. பெயிண்டில் ஈயம்; கன்று நக்கிய சாம்பலிலும் அதே விஷம்தான். வேலை தொடங்குமுன் செய்திருக்க வேண்டிய சோதனை. ஊர் என்னைப் பேசுமே என்று பயந்து சும்மா இருந்தேன். அந்தப் பெண்ணை அவள் அப்பா வந்து அழைத்துப்போனார்.

சித்திரையில்தான் செல்லம்மாளிடம் சொன்னேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தப் பேச்சு பேசியிருப்பனா, சார்?" என்றாள்.

அவளையும் அவள் மகனையும் கூட்டிக்கொண்டு பெண்ணின் ஊருக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"கன்னு செத்ததுக்குக் காரணம் சொல்லிட்டீங்க. நாளைக்குப் பசு செத்தா யாரு வந்து சொல்லுவாங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். புருஷன் வீட்டுக்கு அவள் திரும்பி வரவேயில்லை.

இப்போது எங்கள் தெருவில் யார் பழைய பெயிண்டைச் சுரண்டப் போனாலும், அழைக்காமலே போய்ச் சோதிக்கிறேன். கறுத்தால் அதைச் சுரண்டவோ எரிக்கவோ விடுவதில்லை.