முழு டாங்குடன் ஸ்டோருக்குப் போன ரம்பம்

1. போண்டா நாள்

அன்று புதன்கிழமை. டேவிட் அண்ணன் கடைசிவரை வியாழக்கிழமை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் கான்டீனில் போண்டா போடுவது புதன்கிழமை மட்டும். காற்று கிளம்பியபோது என் கையில் பாதி போண்டா இருந்தது. ஆகவே புதன்தான். எழுபதுகளின் கடைசி, மே மாதம்.

ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில், ராமச்சந்திராபுரத்தில், ஒரு பொதுத்துறைக் கனரகத் தொழிற்சாலையின் எஸ்டேட் பிரிவில் நான் அசிஸ்டெண்டாக இருந்தேன். டவுன்ஷிப்பின் ரோடு, குழாய், மரம், செடி எல்லாம் எங்கள் பொறுப்பு. வீடு நகரத்தின் மறுகோடியில், மல்காஜ்கிரியில். கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். எங்கள் பஸ்ஸை ஓட்டியவர் யாதகிரி.

யாதகிரியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். மற்ற டிரைவர்கள் சங்கு ஊதியதும் கிளம்பிவிடுவார்கள். யாதகிரி கண்ணாடியில் பார்த்து, வழக்கமாக வருகிறவர்களில் யார் இன்னும் ஏறவில்லை என்று தெரிந்துகொண்டு, ஹாரன் அடித்தபடி உட்கார்ந்திருப்பார். முன்சீட்டுக்காரர்கள் முணுமுணுத்தால், "கைக்கு அவசரம் சாப்? வீடு எங்கயும் ஓடாது" என்பார். சொந்த பாஷை தெலுங்கு. எங்களிடம் பேசிப் பேசித் தக்கனி உருதுவும் தமிழும் கலந்து ஒரு பாஷை வைத்திருந்தார்; அதில் 'கைக்கு' என்றால் 'எதுக்கு'.

அந்தப் புதன்கிழமை மாலை, ஷிப்ட் முடிகிற நேரத்தில், புழுதிக்காற்றும் அதன் பின்னாலேயே ஆலங்கட்டி மழையும் வந்தன. நாங்கள் எல்லோரும் டைம் ஆபீஸ் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். பஸ்கள் வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் நின்றன. யாதகிரி மட்டும் தன் சீட்டில் இருந்தார். மழை விட்டதும் நாங்கள் ஓடி வந்து ஏறக் கதவு திறந்திருக்க வேண்டுமே என்று உட்கார்ந்திருந்ததாகப் பிறகு சொன்னார்.

பெரிய மரம் வேரோடு சாய்ந்தது. அடிமரம் பஸ்ஸுக்கு முன்னால் தரையில் விழுந்தது. அதிலிருந்து கிளம்பிய இடுப்புப் பருமன் கிளை ஒன்று, பானெட்டின் மேல் ஏறி, முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய், ஸ்டீயரிங்கை மடக்கி யாதகிரியின் வலது தொடைமேல் அழுத்திக்கொண்டு நின்றது. நாங்கள் ஓடிப் போனபோது அவருக்கு நினைவு இருந்தது. "யாருக்கும் அடி இல்லையே?" என்று கேட்டார்.

தோட்டப் பிரிவு மல்லையா கோடாலியோடு வந்தார். டவுன்ஷிப்பில் மரம் வெட்டுவதென்றால் அவர்தான். முதல் வெட்டு விழுந்ததும் கிளை அதிர்ந்தது. யாதகிரி அலறிவிட்டார். மல்லையா கோடாலியைக் கீழே போட்டார். கை ரம்பத்தை வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் கிளை ஆடியது. கிரேன் வந்து நின்றது, ஆனால் மரத்தைத் தூக்கினால் கிளை உள்ளே புரளும் என்று கிரேன் ஆபரேட்டரே மறுத்துவிட்டார். டிஸ்பென்சரி டாக்டர் ஜன்னல் வழியாக ஊசி போட்டு, காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினார். எங்கள் உதவி எஞ்சினியர் கல்யாணராமனிடம் தணிந்த குரலில், "பாதம் ஜில்லுன்னு ஆயிட்டிருக்கு. ரொம்ப நேரம் இப்படியே விட்டா காலை எடுக்க வேண்டியிருக்கும்" என்றார்.

அதிராமல் வெட்டக்கூடிய ஒரே சாமான் எங்களிடம் இருந்தது. வெளிநாட்டுச் செயின் ரம்பம். போன மழைக்காலம் முடிந்ததும் ஸ்டோருக்குப் போனது, அதன்பின் வெளியே வரவில்லை.

2. இழுபடாத கயிறு

ஸ்டோர்கீப்பர் ராகவன் அதைத் தாமே தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். மரப்பெட்டி, உள்ளே மெழுகுத்தாள், அதற்குள் இன்னொரு மெழுகுத்தாள். பிரித்ததும் ரம்பம் வாங்கிய நாள் போலப் பளபளத்தது. கூட்டத்தில் ஒரு நிம்மதி.

மல்லையா சோக்கைப் போட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். கயிறு விரல் நீளம் வந்து நின்றுவிட்டது. மறுபடி இழுத்தார். அசையவில்லை. "என்ஜின் ஜாம்" என்று நாலு பேர் ஒரே சமயத்தில் சொன்னார்கள். ஃபவுண்டரிக்காரர் ஒருவர், நல்ல உடம்பு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நக்கோ, வேணாம். எவனாவது கயித்தத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்."

அதுதான் டேவிட் அண்ணன். டிரான்ஸ்போர்ட் கராஜ் ஃபோர்மேன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பிறந்து வளர்ந்தது செகந்திராபாத், ராணுவ ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்தவர், வீடு சைனிக்புரியில். தன் திறமையைப் பற்றி அவர் ஒருநாளும் குறைத்துச் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

"இந்தக் கேட்டுக்குள்ள டூ-ஸ்ட்ரோக் என்ஜின் பேசற பாஷை தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். எல்லாரும் ரெண்டு அடி தள்ளி நில்லுங்க. காத்து வரட்டும், எனக்கு இல்ல, மெஷினுக்கு."

ரம்பத்தை டைம் ஆபீஸ் பெஞ்சில் வைத்தார். பிளக் ஸ்பேனரால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். ஓட்டைக்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் முழுக்கத் தேன் நிறத்தில் கெட்டி எண்ணெய். முகர்ந்து பார்த்துவிட்டு ராகவனைத் திரும்பிப் பார்த்தார்.

"ராகவன், இதுக்குள்ள என்னத்த ஊத்தினீரு?"

"ப்ரிசர்வேட்டிவ் ஆயில் சார்," என்றார் ராகவன். "துருப் பிடிக்கக் கூடாதுன்னு. நம்ம ஷாஃப்டுக்கெல்லாம் பண்றதுதான்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் செய்து முடித்த பெரிய ஷாஃப்டுகளைக் கப்பலில் அனுப்பும் முன் கெட்டி எண்ணெய் பூசி, மெழுகுத்தாள் சுற்றி, பெட்டியில் வைத்து ஆணி அறைவார்கள். கடற்காற்று பட்டாலும் ஒன்றும் ஆகாது. அந்த வேலையில் எங்களுக்கு நல்ல பெயர். ராகவன் அதே அக்கறையைக் கையடக்கமான ஒரு பெட்ரோல் என்ஜினுக்கும் காட்டியிருந்தார். சிலிண்டர் நிறைய எண்ணெய் இருந்தால் பிஸ்டன் எப்படி மேலே வரும்? ஃபவுண்டரிக்காரர் தம் பலத்தோடு இழுத்திருந்தால் கயிறு அறுந்திருக்கும், அல்லது உள்ளே பல்சக்கரம் உடைந்திருக்கும்.

டேவிட் அண்ணன் ரம்பத்தைத் தலைகீழாகப் பிடித்தார். கயிற்றை மெள்ள மெள்ள இழுத்தார். பிளக் ஓட்டையிலிருந்து எண்ணெய் கொழகொழவென்று ராகவனின் செருப்பின் மேலேயே விழுந்தது. ராகவன் காலை நகர்த்தவில்லை.

"ஜாமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எண்ணெய்க் குளியல்," என்றார் அண்ணன். "சனிக்கிழமைக் குளியலுக்குக் கூட எங்கம்மா எனக்கு இவ்வளவு ஊத்தினதில்ல."

பஸ்ஸிலிருந்து யாதகிரியின் குரல் வந்தது. "டேவிட் சாப், மெஷின் எழுந்துச்சா?"

"பல்லு விளக்குது யாதகிரி. வந்துரும்."

"ஹவ், சரி. ஆராம்சே, மெதுவா பண்ணு. நான் எங்க போறேன்."

சிரித்தோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

3. வார்னிஷ் வாடை

இரண்டாவது சிக்கல் எங்கள் பிரிவின் வழக்கத்தால் வந்தது. ஸ்டோர் விதி எளிமையானது: எந்த நிலையில் வாங்கினாயோ அந்த நிலையில் திருப்பிக் கொடு. ரம்பம் எங்களுக்கு முழு டாங்குடன் வந்தது. எனவே மல்லையா முழு டாங்குடன் திருப்பிக் கொடுத்தார். டாங்க் குறைவாக இருந்திருந்தால் ராகவன் வாங்கியிருக்க மாட்டார். இருவரும் விதிப்படி நடந்த நல்ல மனிதர்கள். அக்டோபரில் ஊற்றிய பெட்ரோல் மே மாதம் வரை உள்ளேயே கிடந்தது.

அண்ணன் டாங்க் மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாசனைக்குப் பதிலாக வார்னிஷ் வாடை அடித்தது. தலைகீழாகக் கவிழ்த்தார். டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வடிந்தது. "இந்தப் பெட்ரோல் போன எடத்துல எல்லாம் கோந்து ஒட்டியிருக்கும்," என்று கார்புரேட்டரைக் கழற்றத் தொடங்கினார்.

இந்த இடத்தில்தான் கூட்டம் பொறுமை இழந்தது. ஒருவர், "அண்ணே, புதுப் பெட்ரோல் ஊத்தி இழுத்துப் பாருங்க, அங்க ஒரு மனுஷன் துடிக்கிறான்" என்றார். இன்னொருவர், "இவர் இங்க ஓவராயில் பண்றார்" என்றார். கோபத்தில் நியாயம் இருந்தது. டேவிட் அண்ணன் தலை நிமிரவில்லை.

"இழுத்தா ரெண்டு தடவை இருமும். அப்புறம் வெட்டற நடுவுல நிக்கும். பாதி வெட்டுல பிளேடு மாட்டிக்கிட்டா, கிளை அவன்மேல இறங்கும். அப்ப நீ வந்து இழுப்பியா?"

கேட்டவர் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார்.

கல்யாணராமன் எஞ்சினியர்தான், ஆனால் கட்டட எஞ்சினியர். அவர் அண்ணனுக்கு எதிரில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தட்டுபோல நீட்டினார். கழற்றிய ஸ்க்ரூ, ஸ்பிரிங், சின்ன ஊசி எல்லாம் கழற்றிய வரிசைப்படி அந்தக் கைகளில் வந்து உட்கார்ந்தன. நனைந்த சட்டையோடு அவர் அசையாமல் இருந்தார்.

கார்புரேட்டருக்குள் ஒரு மெல்லிய ரப்பர்த் தாள் உண்டு. டயாஃப்ரம் என்பார்கள். அது துடித்தால்தான் பெட்ரோல் உள்ளே வரும். அது கேஸ்கெட் அட்டையோடு கோந்து போட்டதுபோல ஒட்டியிருந்தது. கிழிந்தால் மாற்று கிடையாது. பெயின்ட் ஷாப்பிலிருந்து தின்னர் வரவழைத்தார்கள். அண்ணன் வேண்டாம் என்று தள்ளினார். "தின்னர் இரும்புக்கு. ரப்பருக்கு இல்ல. உப்பிப் போகும்." சட்டைப் பையிலிருந்த ஷேவிங் பிளேடின் முனையில் ஒரு சொட்டு நல்ல பெட்ரோல் விட்டு, ஓரத்திலிருந்து, கவரில் ஒட்டிய ஸ்டாம்பைப் பிரிப்பதுபோல, பிரித்துக்கொண்டே வந்தார். அந்தச் சமயத்தில் யாதகிரி முனகியது எல்லோருக்கும் கேட்டது. அண்ணனின் கை வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தாள் முழுசாக வந்தது.

அடுத்தது சல்லடை. பெட்ரோல் நுழையும் வாயில் நகக்கண் அளவில் ஒரு வலை, அது அடைத்திருந்தது. கழுவி, வாயால் ஊதினார். கம்ப்ரஸர் குழாயைக் கொண்டுவந்தவரிடம், "அத வச்சு ஊதினா சல்லடை பக்கத்தூர் பட்டன்செருவுக்குப் போய் விழும்" என்றார். டாங்குக்குள் கொக்கிக் கம்பியை விட்டு ஃபில்டரை வெளியே எடுத்து அலசினார். பிளக்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, தீக்குச்சி நெருப்பில் காட்டி உலர்த்தினார்.

இப்போது எண்ணெய் கலந்த புதுப் பெட்ரோல் வேண்டும். அண்ணன் கேட்பதற்கு முன்பே கல்யாணராமன், கைகளை நீட்டியபடியே, தலையால் சைக்கிள் ஸ்டாண்டைக் காட்டினார். "என் ஸ்கூட்டர்ல இருக்கு. போன ஞாயித்துக்கிழமை போட்டது. கலந்த பெட்ரோல்தான். சாவி மேல்பாக்கெட்ல." வருடக்கணக்கில் புக்கிங் காத்திருந்து வந்த ஸ்கூட்டர். நான்தான் சாவியை எடுத்துப் போய்க் குழாயைக் கழற்றிப் பிடித்தேன். அண்ணன் அதில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் சேர்த்துக் குலுக்கினார். "ஸ்கூட்டருக்கு இது போதும். இவனுக்கு வாய் கொஞ்சம் பெருசு."

கல்யாணராமனின் கையிலிருந்ததையெல்லாம் தலைகீழ் வரிசையில் திருப்பி மாட்டி, பிளக்கை முடுக்கி, டாங்கில் பெட்ரோலை ஊற்றினார். பிறகு செயினை விரலால் நகர்த்திப் பார்த்தவர், முதல்முறையாக ராகவனைப் பார்த்துத் தலையசைத்தார். "கண்ணியெல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடுது. ஒரு பொட்டுத் துரு இல்ல. செயினுக்கு உம்ம வைத்தியம் சரிதான்யா. என்ஜினுக்குத்தான் ஆகாது." எண்ணெயில் நனைந்த செருப்போடு நின்ற ராகவன் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கயிறு. சோக். முதல் இழுப்பு, இரண்டாவது இழுப்பு, ஒன்றுமில்லை. அடுத்ததில் ஒரு இருமல். அண்ணன் சோக்கைத் தள்ளிவிட்டு மறுபடி இழுத்தார். வெள்ளைப் புகை கிளம்பி, நின்ற எல்லோர் முகத்திலும் அடித்து, ரம்பம் ஓடத் தொடங்கியது.

கூட்டம் கத்தியது. அண்ணன் உடனே கொடுக்கவில்லை. புகை வெள்ளையிலிருந்து நீலமாகி, பிறகு கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை ஓடவிட்டார். என் கையிலிருந்த போண்டாப் பொட்டலப் பேப்பரை வாங்கி, பிளேடு முனைக்கு நேரே பிடித்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். பேப்பரில் எண்ணெய்க்கோடு விழுந்தது. செயினுக்கு எண்ணெய் போகிறது. அதன்பின்தான் ரம்பத்தை மல்லையாவிடம் நீட்டினார்.

"ஓட வைக்கறது என் வேலை. வெட்டறது உன் வேலை. நான் மரம் வெட்டினா மரம் சிரிக்கும்."

மல்லையா இதற்குள் கிளைக்கு அடியில் ரயில் ஸ்லீப்பர் கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார். பானெட்டுக்கு முன்னால், மேலிருந்து கொஞ்சம் வெட்டினார். பிறகு ரம்பத்தைத் திருப்பி, அடியிலிருந்து மேல்நோக்கி. இரண்டு முனையிலும் தாங்கிய கிளையை மேலிருந்தே முழுக்க வெட்டினால் அது பிளேடைக் கவ்வும். வெட்டு முடிந்தபோது கிளை கட்டைமேல் உட்கார்ந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பஸ்ஸுக்குள் இருந்த துண்டை மல்காஜ்கிரிக்காரர்கள் நாங்களே சேர்ந்து நேராகத் தூக்கினோம். வேறு பஸ்ஸில் போகச் சொன்னபோது எங்களில் ஒருவரும் போயிருக்கவில்லை. ஸ்டீயரிங்கைக் கடப்பாறையால் நெம்பினார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது யாதகிரி, "சாப், இன்னிக்கு பஸ் லேட்" என்றார்.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கால் தப்பியது.

4. சனிக்கிழமைப் பழக்கம்

எஸ்டேட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். ஒரு மெஷினைப் பத்திரமாக வைப்பது வேறு. கூப்பிட்டால் வருகிற மாதிரி வைப்பது வேறு. எங்களிடம் முதலாவது நன்றாகவே இருந்தது. இரண்டாவதை அந்தப் புதன்கிழமை கற்றோம்.

ஸ்டோர் விதி மாறியது. ராகவனே எழுதிக் கேட்டு மாற்றினார்: டாங்கை வடித்து, மிச்சம் இருப்பதையும் ஓட்டித் தீர்த்தபின் ஒப்படைக்க வேண்டும். அதோடு, மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை எஸ்டேட் ஆபீஸ் வாசலில் ரம்பத்தைக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். டேவிட் அண்ணன் ரிடையர் ஆகும்வரை அந்தச் சனிக்கிழமைகளில் கராஜிலிருந்து நடந்து வந்து, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டுவிட்டு, "சளி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்.

யாதகிரி அதற்குப் பின் பஸ் ஓட்டவில்லை. டிரான்ஸ்போர்ட் ஆபீஸில், பஸ்களுக்குக் கையசைத்து அனுப்பும் வேலை கொடுத்தார்கள். வலது கால் சற்றே இழுக்கும். முதல் சனிக்கிழமைகளில் அவரும் வந்துவிடுவார். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கயிற்றை அவர்தான் இழுப்பார், மல்லையா விட்டுக்கொடுத்துவிடுவார். ரம்பம் அடம் பிடித்தால் அதைத் தட்டிக்கொடுத்து, "கைக்கு கோபம்? ஆராம்சே வா" என்பார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்போம். புதுசாக வந்த டிரைவர் ஹாரனில் கை வைத்துப் பொறுமை இழப்பார். ரம்பம் ஓடி, புகை அடங்கி, சத்தம் சீரான பிறகுதான் யாதகிரி நிமிர்ந்து கையசைப்பார். அதன்பின்தான் மல்காஜ்கிரி பஸ் கிளம்பும்.