இரண்டு கடைக்கு ஒரு லொறி

டீசல் தட்டுப்பாடான அந்த வருடம், கொழும்பிலிருந்து எங்கள் பலசரக்குக் கடைக்குச் சாமான் கொண்டுவரும் லொறி நின்றுபோனது. என் கணவர் கடையின் வெறும் அலமாரித் தட்டுகளைத் தினமும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கடையைப் பூட்டிப்போட்டு வீட்டில இருங்கோவன்" என்றேன்.

"இல்லையெண்டு சொல்லவும் ஒரு ஆள் வேணும். சனம் பாவம்" என்றார்.

ஒரு காலை எதிர்க்கடை நானா எங்கள் படியேறி வந்தார். கிண்ணியா ஊர் முஸ்லிம் அண்ணர்; எல்லோருக்கும் அவர் 'நானா'தான். வருடக்கணக்கில் எங்களுக்கும் அவருக்கும் வியாபாரப் போட்டி. கண்டால் தலையசைப்பதோடு சரி.

"முதலாளி, என்ட மச்சான்ட லொறி சும்மா நிக்குது. டீசலும் ஒரு மாதிரித் தேடிட்டன். ஆனா என்ட சாமானுக்கு மட்டும் கொழும்புக்கு விட ஏலாது. உங்கட ஓடர் சாமானையும் சேர்ப்பமா?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு "ஓம்" என்றேன்.

லொறி வந்து சேர்ந்தபோது, கேட்டதில் பாதிப் பால்மாகூட அதில் இல்லை. எப்படிப் பிரிப்பதென்று கணவர் தயங்கினார்.

"முதல்ல உங்கட கடைக்கு இறக்குங்க" என்றார் நானா. "கைப்பிள்ளைக்காரர் உங்களிட்டத்தானே கூடுதலா வாறாங்க."

கணவர் உள்ளே போய்த் தன் கதிரையைத் தூக்கிவந்து அவருக்குப் போட்டார்.

இப்போது டீசல் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனாலும் இருவரும் ஒரே லொறியில்தான் சாமான் எடுக்கிறார்கள். அது வரும் நாளில் நானாவுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி போடுகிறேன். குடித்து முடித்ததும், யார் கடையில் சீனி மலிவு என்ற சண்டை தொடங்கிவிடும்.