செல்வி வீட்டு முறை

சாதி வேற்றுமை பற்றி மனம்விட்டுப் பேசும் பயிற்சி நடந்த ஊர்களுக்கு ஒரு வருஷம் கழித்துப் போய், அதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. பயிற்சி முடிந்த அன்றைக்கே கேட்டால் எல்லாரும் நல்லவர்கள்தான். பிரியாணி போட்டு, குரூப் போட்டோ எடுத்து, ஃபீட்பேக் கேட்டால் யார் குறை சொல்லப் போகிறார்கள்?

1. இடம் பத்தாது

புதுச்சேரியில், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு கிராமம். ஊர்த்தெருப் பெண்களும் காலனிப் பெண்களும் சேர்ந்த மகளிர் குழு. எதைக் கேட்டாலும் தாயா புள்ளையா பழகுறோம் என்றார்கள்.

வாரக் கூட்டம் முறை வைத்து ஒவ்வொருத்தர் வீட்டிலும் நடக்கும். அந்த வீட்டுக்காரர்தான் டீ போட வேண்டும். போன வருஷம் முழுக்க எங்கெங்கே நடந்தது என்று விசாரித்தேன். காலனிக்காரர்கள் முறை வந்தபோதெல்லாம் கூட்டம் அங்கன்வாடிக்குப் போயிருந்தது, டீ கடையிலிருந்து வந்திருந்தது. குழுத்தலைவி விஜயா ஊர்த்தெருக்காரர். "அவங்க வூடு சின்னதும்மா, இடம் பத்தாது" என்றார்.

குழுவில் இருந்த காலனிப் பெண் செல்வி, என்னைவிட இளையவள். பஸ் ஸ்டாப் வரை என்னோடு வந்து அவள்தான் சொன்னாள்: "நான் மாடி வூடு கட்டி வருசமாச்சுக்கா. என் முறைக்கு என் வூட்லதான் கூட்டம் நடக்கணும். அத எழுதுங்க."

எழுதினேன்.

2. டீ ஒரு இண்டிகேட்டரா?

பயிற்சி நடத்திய எங்கள் தொண்டு நிறுவனத்தின் டைரக்டருக்கு அது பிடிக்கவில்லை. ரிப்போர்ட் நன்றாக வந்தால்தான் புராஜெக்ட் நீளும். "டீயெல்லாம் மாற்றத்த அளக்கிற ஒரு இண்டிகேட்டராம்மா?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இங்க அதுதான் சார் இண்டிகேட்டர்" என்றேன். திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினார். ஒரு வரியையும் நான் மாற்றவில்லை.

அந்த ரிப்போர்ட்டைக் குழுவிலேயே வாசித்தும் காட்டினேன். செல்வி மட்டும், அடுத்த வாரம் தன் முறை, தன் வீட்டில்தான் கூட்டம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அன்றைக்கு நானும் போனேன். ஹாலில் பாய் விரித்து, பால் காய்ச்சி வைத்திருந்தாள். காலனிப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஊர்த்தெருவிலிருந்து ஒருத்தரும் இல்லை. வெகுநேரம் கழித்து விஜயா மட்டும் வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

செல்வி டம்ளரை நீட்டினாள். விஜயா கை நீட்டவில்லை. "எனக்கு சுகர்மா. டீ வேணாம்."

"தெரியும்கா. உங்க டம்ளர்ல சக்கர போடல."

நீட்டிய கையை அவள் இறக்கவில்லை. விஜயா வாங்கிக் குடித்தார்.

ரிப்போர்ட்டில் அதைச் சேர்த்தேன். வராதவர்கள் வரவில்லை என்பதையும் சேர்த்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: யார் என்ன பேசினார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். யார் வீட்டில் யார் குடித்தார்கள் என்று பார்க்கும்வரை உட்கார்ந்திருங்கள்.