வாரேன் என்று சொல்லிக் கிளம்பியவள்

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் சாலையில் மணிக்குப் பத்து மைலுக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது. பள்ளிக்கூடமோ மாடு கன்றோ எதுவும் அங்கே இல்லை. இருபுறமும் பைன் காடுதான். டயர் உருளும் அதிர்வு தரை வழியாகப் போய்க் கருவியைக் கலைத்துவிடுமாம். நான் மதுரைக்குப் பக்கத்தில் பரவையில், திண்டுக்கல் ரோட்டை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவள். லாரி போனால் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் போகாவிட்டால்தான் என்ன ஆயிற்றோ என்று வெளியே எட்டிப் பார்ப்போம். அப்படிப்பட்டவளைக் கூட்டிவந்து, எங்கேயோ போகும் லாரியைக் கண்டுபிடித்துச் சொல்ல அமெரிக்காவில் சம்பளம் தருகிறார்கள்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். கணக்கில்லாத தூரத்துக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் மோதிக்கொண்டால் அண்டவெளியே லேசாக நடுங்கும். அந்த நடுக்கம் நம்மிடம் வந்து சேரும்போது அணுவுக்குள் இருக்கும் துகளைவிடச் சிறியதாகிவிடும். அதைப் பிடிக்க நான்கு கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு குழாய்கள், உள்ளே லேசர் ஒளி. பிடிப்பது கருவியின் பாடு. பிடித்தது வானமா, லாரியா, காற்றா, யாரோ கதவைச் சாத்தியதா என்று பிரித்து, இந்த நேரத்துத் தரவை நம்பலாம், இதை நம்பாதே என்று குறி போடுவது என் பாடு. அம்மா பரவை மார்க்கெட்டில் இருபது வருடம் தக்காளி தரம் பிரித்தவள். வெளியூர் போகும் கெட்டிக் காய் ஒரு கூறு, அன்றைக்கே விற்க வேண்டிய பழம் ஒரு கூறு, அழுகல் ஒரு கூறு. அதற்கு முந்தைய தலைமுறையில் எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். போனில் என் வேலையை விளக்கி முடித்ததும் அம்மா, "அம்புட்டுத்தானா? நான் பாத்த வேலையத்தான் நீயும் பாக்குற தாயி. நீ ஏசில உக்காந்து பாக்குற" என்றாள். என் முனைவர் பட்டத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

ஒருநாள் காலையில் தரவில் புதிதாக ஓர் இரைச்சல் தலைகாட்டியது. குழாயின் கடைக்கோடியில் இருக்கும் கட்டடத்துக்குப் போய்ப் பார்த்தேன். காற்றோட்ட இயந்திரத்தில் ஒரு மூடி தளர்ந்து கிடந்தது. முடுக்கிவிட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பினேன். அங்கே அன்றைய பொறுப்பு வெய்ன் என்ற உள்ளூர்க்காரர். ஆறடி உயரம், அளந்த பேச்சு. கடைக்கோடிக் கட்டடத்தில் ஆள் இருக்கும்வரை கருவி 'கவனிக்கிறது' என்று அறிவிக்கும் பொத்தானை அவர் அழுத்தக் கூடாது. நம் காலடியே இரைச்சல். மூடியைப் பற்றி அவரிடம் சொன்னேன். என் வேலை நேரமும் முடிந்திருந்தது. "ஓகே வெய்ன், ஐ வில் கம்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

மதுரைப் பக்கம் இதைப் படிப்பவர்களுக்கு என்ன தப்பு என்றே தெரியாது. நாம் எங்கிருந்தும் 'போவதே' இல்லையே. வாரேன் என்று சொல்லித்தான் படியிறங்குவோம். வெய்னோ, நான் மறுபடியும் கடைக்கோடிக்குப் போயிருக்கிறேன், வேலை முடிந்ததும் வருவேன் என்று நினைத்துக்கொண்டார். அந்தக் கட்டடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அதனால் என்னைக் கூப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. கருவி சிவனே என்று அமைதியாக இருக்க, அவர் பொத்தானைத் தொடாமல் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார். பிறகு காவலரை அனுப்பிப் பார்த்தால் அங்கே பூட்டு தொங்கியது.

அந்த ஒன்றரை மணிக்குள்தான் தொலைவில் இருக்கும் வேறு இரண்டு கருவிகள் எதையோ பிடித்திருந்தன. எங்கள் தரவும் சேர்ந்தால் அது வானத்தில் எந்தப் பக்கம் என்று தெரியும், தொலைநோக்கிகளைத் திருப்பலாம். எங்கள் தரவும் பதிவாகித்தான் இருந்தது, ஆனால் பொத்தானை அழுத்தாததால் நம்பலாம் என்ற குறி இல்லை, சேர்க்க முடியவில்லை. மறுநாள் பதிவேட்டைத் திறந்தேன். 'கருவியை இயக்கியவர் தவறு' என்று எழுதிக் கீழே தன் பெயரைப் போட்டிருந்தார் வெய்ன்.

"ஏன் காத்திருந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"வருவேன் என்று சொன்னாயே."

"எங்கள் ஊரில் அதற்குப் போகிறேன் என்று அர்த்தம்."

"அப்படியானால் போகிறேன் என்று சொல்ல என்ன சொல்வீர்கள்?"

"அதைச் சொல்லவே மாட்டோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அது என் விசா புதுப்பிக்க வேண்டிய மாதம். பேசாமல் இருந்திருந்தால் பழி அவரோடு போயிருக்கும். யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஊரான் லாரிக்கெல்லாம் குற்றப்பத்திரிகை எழுதுகிறவள் என் வாயிலிருந்து வந்த இரைச்சலை மட்டும் எப்படி விடுவது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு வராது. எங்கள் பதிவேட்டில் எதையும் அழிக்க முடியாது, கீழே சேர்க்கத்தான் முடியும். 'வெய்ன் விதிப்படி நடந்தார். தவறு என் சொல்' என்று காரணத்தோடு சேர்த்து எழுதினேன். பிறகு இரண்டு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அந்த ஒன்றரை மணியை நொடி நொடியாகப் பார்த்தேன். கதவுப் பதிவு, தரை அதிர்வு, ஒலிவாங்கி எல்லாம் சுத்தம்.

கூட்டத்தில் கேள்விகள் வந்தன. குழுத் தலைவர், போகிறவள் வருகிறேன் என்பது என்ன வழக்கம் என்றார். எங்கள் ஊரில் செத்தவர்கள் மட்டும்தான் போவார்கள், மற்றவர்கள் எல்லோரும் வருவார்கள் என்றேன். தரவைப் பற்றிக் கேட்டபோது, "ஆள் இல்லை, அசைவு இல்லை, இது முதல் கூறு" என்றேன். ஏற்றுக்கொண்டார்கள். நாங்கள் தேடிய நடுக்கம், மெலிந்துபோய், அதற்குள் இருந்தது. அன்று மாலை கார் நிறுத்துமிடத்தில் வெய்ன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் விசாவும் புதுப்பிக்கப்பட்டது.

அதோடு ஒரு விதியும் வந்தது. கிளம்புகிற யாரும் 'போகிறேன், திரும்ப வரமாட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் வாரம் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பிறகு பழகிவிட்டது. பழகியது எவ்வளவு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசி முடிக்கும்போதுதான் தெரிந்தது.

"சரிம்மா, போறேன்."

அம்மா படக்கென்று மடக்கினாள்.

"என்ன தாயி, நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? ஒழுங்காச் சொல்லு."

"வாரேன்மா."

"எப்ப?" என்றாள் அம்மா.

அமெரிக்கா வந்த பதினொரு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் நான் விடைபெறச் சொன்ன சொல்லை, அவளும் வெய்னைப் போலவே, வருவேன் என்றே எடுத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள்.